கத்திரி வெயிலில் தங்கமீன் தொட்டி

பங்குனி முடிவதற்குள்ளாகவே தாம்பரம், முடிச்சூர், வண்டலூர், மாடம்பாக்கம் பக்கங்களில் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். மே 4ஆம் தேதி வாக்கில் பிறக்கும் கத்திரி அந்த மாதக் கடைசி வரை வாட்டும். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி சென்டிகிரேட் பதிவானது. கத்திரி கழிந்த பின்னும் வெயில் தணியாது என்பதற்கு அதுவே சாட்சி. கொல்லையிலும் கிணற்றடியிலும் சிமெண்டுத் தொட்டி கட்டித் தங்கமீன் வளர்ப்போர் ஆண்டு முழுவதும் பார்த்த பாடு இந்த இரண்டு மாதத்தில் வீணாகிவிடக்கூடும். அதுவும் ஒரே இரவில் நடந்துவிடும். மாலையில் நன்றாக நீந்திக்கொண்டிருந்த மீன்கள் விடியற்காலையில் வயிற்றைக் காட்டி மிதக்கும். "ஏதோ நோய்" என்று மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். பெரும்பாலும் அது நோயல்ல, மூச்சுத் திணறல்தான்.

தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில், சாம்பல் நிறக் குளத்துக் கெண்டையில் தோன்றிய சிவப்பு மீன்களைப் பிரித்து வளர்த்ததில் உண்டானது. பிறகு ஜப்பானுக்குப் போய்ப் பல வடிவங்கள் பெற்றது. குளிர்ந்த நாட்டுப் பிறவியாகையால் 18 முதல் 24 டிகிரி வரையுள்ள நீர்தான் அதற்கு இதமானது. நம் பக்கத்தில் மார்கழி, தை தவிர அந்த இதம் கிடைப்பதில்லை. மெல்லப் பழக்கினால் 30, 32 டிகிரியையும் தாங்கிக்கொள்ளும். 34ஐத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரியும் ஆபத்து. எல்லா ரகமும் ஒன்றுபோல் தாங்குவதில்லை. நீண்ட உடலுள்ள காமெட், ஷூபன்கின் முதலிய ரகங்கள் ஓரளவு சமாளிக்கும். உருண்டை உடலுள்ள ஒராண்டா, ரியுகின், பிளாக் மூர் போன்றவைதான் முதலில் சாயும். விலை கூடுதலாகக் கிடைப்பதும் இந்த ரகங்களுக்கே என்பதை மறக்கக் கூடாது.

சூடு எப்படிக் கொல்கிறது?

சூடான நீர் நேரடியாக மீனைக் கொல்வது குறைவு. நீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைந்து நிற்கும். 30 டிகிரியில் ஏழரை, 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். இது நல்ல, சுத்தமான நீர் தாங்கக்கூடிய உச்ச அளவு. மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் இதில் பாதிகூட இருப்பதில்லை.

இருப்பு குறையும் அதே நேரத்தில் செலவு கூடுகிறது. மீனுக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது, நீரின் சூடே அதன் சூடு. 20 டிகிரியில் உள்ள மீனை 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது.

மேல்நாட்டில் பனி மூடிய குளத்தின் அடியில், பிராணவாயு அற்றுப்போன நீரிலும் தங்கமீன் பல நாள் உயிரோடு இருக்கும். உடலில் சேரும் நச்சு அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும் விந்தையான திறமை அதற்கு உண்டு. இதைக் கேள்விப்பட்டுவிட்டு, "தங்கமீன் எதையும் தாங்கும்" என்று இருந்துவிடக் கூடாது. உறைபனிக் குளிரில் மீனின் உடல் இயக்கம் அடங்கிக் கிடப்பதால்தான் அது பல நாள் பலிக்கிறது. மே மாதத்துத் தொட்டியில் அந்தத் திறமை சொற்ப நேரத்துக்கே உதவும்.

மூன்றாவது எதிரி அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் வருவது. இதில் ஒரு பங்குதான் நஞ்சு, மற்ற பங்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. பி.எச். 8 உள்ள நீரில் 20 டிகிரியில் நூற்றுக்கு 4 பங்கு நஞ்சாக இருந்தால் 30 டிகிரியில் 7 பங்குக்கு மேல் ஆகிறது. பச்சைப் பாசி அடர்ந்த தொட்டியில் பிற்பகலில் பி.எச். 9 வரை ஏறிவிடும். அப்போது 30 டிகிரியில் நூற்றுக்கு 45 பங்கு நஞ்சாக நிற்கும். காலையில் மீனுக்கு எந்தக் கெடுதலும் செய்யாதிருந்த அதே அழுக்கு, மாலை 3 மணிக்குச் செவுளை எரிக்கிறது. பாசி, மிஞ்சிய தீவனம், பிற்பகல் வெயில் மூன்றும் ஒரே தொட்டியில் சேர விடலாகாது.

நிழலே முதல் வேலை

2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் அரை மீட்டர் நீர் நின்றால் 1,000 லிட்டர் ஆகிறது. உச்சி வெயில் முழுவதும் அந்த நீரில் இறங்கினால் மணிக்குச் சுமார் ஒன்றே முக்கால் டிகிரி வீதம் சூடேறும். நீர் கால் மீட்டர்தான் இருந்தால் சூடேறும் வேகம் இரட்டிப்பாகும். முக்கால் மீட்டர் இருந்தால் மணிக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான். ஆகையால் கோடையில் நீர் மட்டத்தைக் குறையவிடக் கூடாது. புதிதாகத் தொட்டி கட்டுவோர் பாதி உயரத்தைத் தரைக்குள் இறக்கிக் கட்டினால் மேற்கு வெயில் பக்கச் சுவரில் அடிப்பது குறையும். ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான இடங்களில் 2015 டிசம்பர் வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது என்பதை நினைவில் வைத்து விளிம்பை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

நிழலுக்குத் தென்னங்கீற்றை மிஞ்சியது எதுவுமில்லை. தொட்டிக்கு மேல் ஆறு, ஏழடி உயரத்தில் பந்தல் போட்டால் அடியில் காற்று ஓடும். நிழல் வலையும் ஏற்றதே. சிலர் தகரத்தையோ கல்நார் ஷீட்டையோ தாழ்வாகப் போட்டு நாலு பக்கமும் மூடிவிடுகிறார்கள். இது தொட்டியை அடுப்பில் வைத்தது போலாகும். ஷீட்டுதான் இருக்கிறதென்றால் அதன் மேல் கீற்றைப் பரப்பி, பக்கங்களைத் திறந்துவிடலாம். தொட்டியின் வெளிச்சுவருக்கு வெள்ளையடிப்பதும் பலன் தரும். உட்புறம் சுண்ணாம்பு கூடவே கூடாது, பி.எச். ஏறிவிடும்.

ஒரு சங்கடம் உண்டு. தங்கமீனுக்கு நிறம் ஏறுவதற்கு வெளிச்சம் வேண்டும். நாள் முழுவதும் இருட்டில் வைத்தால் சிவப்பு வெளிறி, வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார். இதற்குப் பயந்தே பலர் பந்தல் போடாமல் இருந்துவிடுகிறார்கள். கிழக்குப் பக்கத்தைத் திறந்து வைத்துக் காலை 9 மணி வரை இளவெயில் தொட்டியில் விழும்படி செய்துவிட்டு, உச்சியிலும் மேற்கிலும் மட்டும் மறைப்புக் கட்டினால் நிறமும் கெடாது, சூடும் ஏறாது. மேற்கே கட்டும் மறைப்பு தரை வரை தொங்க வேண்டும். தொட்டி நீர் உச்சமாகச் சூடேறுவது நண்பகலில் அல்ல, 3 முதல் 5 மணிக்குள்தான். அந்நேரம் வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வருகிறது.

மண்பானை வித்தை

மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஏன் என்பது எல்லோரும் அறிந்ததே. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நாம் பார்த்த 1,000 லிட்டர் தொட்டியில் நீர் மட்டம் அரை சென்டிமீட்டர் இறங்கினால் 10 லிட்டர் ஆவியாயிற்று என்று பொருள். ஏறத்தாழ 6 டிகிரி அளவுக்கான வெப்பம் அதனோடு போய்விட்டது. பகலில் நீர் கொதித்துவிடாமல் காப்பது இதுதான். ஆகவே தொட்டியைப் பிளாஸ்டிக் தாளாலோ கண்ணாடியாலோ மூடி வைப்பது கோடைக்கு ஆகாது. பூனை, காக்கைக்குப் பயந்தால் கண் பெரிதான வலை போதும்.

ஆவியாதலை நாமே கூட்டவும் செய்யலாம். சிறிய மோட்டாரால் தொட்டி நீரை எடுத்து, துளையிட்ட பி.வி.சி. குழாய் வழியாக மூன்றடி உயரத்திலிருந்து தூவலாக விழச் செய்வது மிக நல்லது. நீரும் குளிரும், காற்றிலிருந்து பிராணவாயுவும் சேரும். வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கு நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை ஓடவிட்டாலே 2, 3 டிகிரி இறங்கும்.

இதற்கு நேரம் பார்க்க வேண்டும். கோடையில் முற்பகலில் மேற்கேயிருந்து வறண்ட காற்று வீசுகிறது. அப்போது தூவல் நன்றாகக் குளிர்விக்கும். கடற்காற்று அடையாறு, திருவான்மியூருக்கு முதலில் வந்து தாம்பரத்துக்குச் சற்றுத் தாமதித்தே வரும். மேற்கத்திக் காற்று பலமாக உள்ள நாளில் மாலை வரை எட்டிப் பார்க்காமலும் போகும். கடற்காற்று இறங்கிய பின் காற்றில் ஈரம் கூடுவதால் தூவலின் குளிர்ச்சி குறையும். ஆனாலும் பிராணவாயுவுக்காக அதை நிறுத்தாமல் ஓட்டுவதே சரி. காற்று அசையாமல் புழுக்கமாக இருக்கும் இரவுதான் மிக மோசம். அன்று நீரும் குளிராது, காற்றும் கலக்காது.

ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். மட்டம் இறங்க இறங்கக் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டே போனால் தொட்டி நீர் வர வரக் கடினமாகும். கடலோரப் பக்கம் கிணற்று நீரே உப்புக் கரிப்பதால் அங்கே இன்னும் கவனம் தேவை. வாரத்துக்கு இரு முறை அடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு நீரை இறைத்து, அழுக்கோடு வெளியேற்றிவிட்டுப் புதுநீர் விடலாம். இறைத்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல உரநீர்.

புதுநீர் விடுவதில் செய்யும் தவறு

ஆழ்துளைக் கிணற்று நீர் கோடையிலும் 28, 29 டிகிரியில்தான் வரும். 34 டிகிரியில் உள்ள 1,000 லிட்டரில் 200 லிட்டரை மாற்றினால் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் இறங்கும். இது போதுமானது. ஒரேயடியாகப் பாதித் தொட்டியை மாற்றினால் இரண்டரை டிகிரிக்கு மேல் சட்டென்று இறங்கி மீன் திகைத்துப்போகும். ஒரு தடவையில் 2 டிகிரிக்கு மேல் மாற்றம் வேண்டாம்.

பிற்பகலில் மாடித் தொட்டியிலிருந்து குழாயைத் திறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் வெயில் காய்ந்த நீர் மீன் தொட்டியைவிடச் சூடாக இருக்கும். கைவைத்துப் பார்க்காமல் விட்டுவிட்டு, "புதுத் தண்ணீர் விட்டும் மீன் செத்தது" என்று சொல்பவர்கள் உண்டு. நிலத்தடி நீரிலும் ஒரு குறை உண்டு. குளிர்ச்சியாக வந்தாலும் அதில் பிராணவாயு மிகக் குறைவு, கரியமில வாயு கூடுதல். நேரே அடியில் விடாமல், தட்டின் மேலோ சல்லடையின் மேலோ விழுந்து சிதறி இறங்கும்படி விட வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரானால் ஒரு நாள் நிழலில் திறந்து வைத்த பிறகே பயன்படுத்தலாம்.

ஐஸ் கட்டி போடும் வழக்கம் பற்றியும் ஒரு கணக்கு. ஒரு கிலோ ஐஸ் உருகி 30 டிகிரிக்கு வரும்வரை சுமார் 110 கிலோகலோரி இழுக்கும். 1,000 லிட்டர் தொட்டியை 3 டிகிரி இறக்க 27 கிலோ ஐஸ் வேண்டும். மறுநாள் மீண்டும் 27 கிலோ. மீன் விற்ற காசு ஐஸ் கடைக்கே போய்விடும்! வீட்டில் 100 லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்திருப்போர் அவசரத்துக்கு, பாட்டிலில் நீரை உறையவைத்து மூடியோடு மிதக்கவிடலாம். ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி இறங்கும்.

கரண்ட் போகும் இரவு

1,000 லிட்டர் தொட்டியில் மொத்தம் 3 கிலோ எடையுள்ள மீன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி நீரில் ஒரு கிலோ மீன் மணிக்கு 200 முதல் 300 மில்லிகிராம் பிராணவாயு இழுக்கும். பாசி பகலில் பிராணவாயுவைத் தந்தாலும் இரவில் அதுவும் மீனைப் போலவே இழுக்கும், அடிச்சேறும் இழுக்கும். எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு மணிக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கரையும். இரவு 10 மணிக்குக் கரண்ட் போகும்போது 6 மில்லிகிராம் இருந்தால், மேற்பரப்பில் கொஞ்சம் சேர்ந்தாலும், 2 மணிக்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கும். விடியற்காலை 4 மணிக்குக் கரண்ட் வந்து பயனில்லை.

12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றை முன்கூட்டியே வாங்கி, வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்வது நலம். அது இல்லாதவர்கள் வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டியதுதான். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஊற்றினாலும் உயிரைப் பிடித்து நிறுத்தலாம். கரண்ட் போனால் தூக்கத்திலிருந்து எழுப்பும்படி ஒரு மணி அமைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, மின்விசிறி நின்று புழுக்கத்தில் விழிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது.

உண்மையில் இதற்கான பரிகாரம் பங்குனியிலேயே செய்யப்பட வேண்டும். சந்தை அளவுக்கு வந்துவிட்ட மீன்களை வெயிலுக்கு முன் கொளத்தூருக்கு அனுப்பிவிட்டு, தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு மீனோடு கோடையைக் கழிப்பதே அறிவுடைமை. இன்னும் இரண்டு மாதம் வளர்த்தால் கூடுதல் விலை கிடைக்குமே என்ற ஆசை இயல்புதான். ஆனால் சித்திரை, வைகாசியில் சூட்டினால் தீவனம் குறைத்துப் போடுவதால் மீன் எதிர்பார்த்தபடி பருப்பதில்லை. அந்த இரண்டு மாதத்து லாபம் பெரும்பாலும் காகிதத்தில்தான்.

தீவனம்

விடியுமுன் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். தின்ற மீனுக்குச் செரிப்பதற்கும் பிராணவாயு தேவை. ஆகையால் விடிந்ததும் விடியாததுமாகத் தீவனம் போடும் பழக்கத்தைக் கோடையில் விட்டுவிட வேண்டும். காலை எட்டு மணி வாக்கில், ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடலாம். நீர் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மாலைத் தீவனம் வேண்டாம். 34 ஆனால் அன்று முழுப் பட்டினி. இரண்டு நாள் பட்டினியால் தங்கமீன் சாவதில்லை.

இதற்கெல்லாம் ஒரு தெர்மாமீட்டர் அவசியம். காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வந்தால், எந்தத் தொட்டி அதிகம் சூடேறுகிறது, கீற்றுக் கட்டியதால் எத்தனை டிகிரி குறைந்தது என்பதெல்லாம் பத்து நாளில் தெரிந்துவிடும்.

மீன்கள் காற்றுக்கல்லைச் சுற்றிக் கூடுவது, செதில் அசைவு வேகமாவது போலச் செவுள் மூடி படபடப்பது, துடுப்பை உடலோடு ஒடுக்கிக்கொள்வது ஆகியவை முதல் எச்சரிக்கை. உடனே நீரைத் தூவவிட்டு, தீவனத்தை நிறுத்த வேண்டும். சூட்டில் தளர்ந்த மீனைப் பாக்டீரியா நோய்கள் எளிதில் பிடிக்கும். நூல் போல உடலில் குத்தி நிற்கும் நங்கூரப் புழுவும் வெந்நீரில் வேகமாகப் பெருகும். புதிதாக வாங்கிய மீனைக் கோடையில் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்காமல் கூட்டத்தில் விடக் கூடாது. கோடை மழையும் ஒரு தொல்லை. மாலையில் இடியோடு பெய்யும் மழை சூடான தொட்டியில் நேரே விழுந்தால் சூடும் பி.எச்.சும் சட்டென்று மாறும். பந்தலின் கீற்று அடர்த்தியாக இருந்தால் பாதிக் கவலை இல்லை.

சந்தைக்கு அனுப்பும் மீனை முந்திய நாள் பட்டினி போட்டு, பையில் பிராணவாயு அடைத்து, விடியற்காலையில் ஏற்றிவிட வேண்டும். 10 மணிக்கு மேல் நெரிசலில் மாட்டிக்கொண்ட வண்டியில் பை வெந்துவிடும். வாங்கிவந்த பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்ட பின்பே பிரிக்கலாம்.

பந்தல், தொட்டி, பம்ப் இவற்றுக்கு முதல் இல்லாதவர்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. இப்போது எந்தத் திட்டத்தில் எவ்வளவு என்பதை அங்கேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தாய் மீன்களைக் கோடையில் முட்டையிட விடாமல் ஆண், பெண் பிரித்து வைப்பது நல்லது. சூட்டில் இட்ட முட்டையில் பூஞ்சணம் பிடிப்பதும் குஞ்சு ஊனமாவதும் அதிகம். ஐப்பசி மழையில் நீர் குளிர்ந்ததும் ஒன்று சேர்த்து, ஆகாயத்தாமரை வேரையோ நைலான் நாரையோ தொட்டியில் கட்டிவிட்டால், கார்த்திகை முதல் மாசி வரை நல்ல முட்டை கிடைக்கும். தாய் மீன் தொட்டிக்குத்தான் பந்தலின் அடர்ந்த பகுதியை ஒதுக்க வேண்டும். கீற்றை ஆனி கழியும் வரை பிரிக்க வேண்டாம்.